குடில் கட்டாத கிறிஸ்துமஸ்



அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சு. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்குகிறது. பக்கத்து வீட்டில் முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுக்கிற வாசனை காலையிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. நானும் வழக்கம்போல நீளமான பதிவோடு வந்திருக்கிறேன். "பெல் அடிச்சாலும் சார் போர்டை விட்டு நகர மாட்டாரு" என்று நீங்கள் முணுமுணுத்தது அன்றைக்கும் என் காதில் விழுந்தது, இன்றைக்கும் விழுகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களில் ஒருத்தியுடைய அப்பாவுக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது.

போன வாரம் ஒரு பழைய மாணவி போன் பண்ணினாள். பெயர் வேண்டாம். பெங்களூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறாள். "சார், இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வர முடியாது. எனக்கு ஆன்கால் டூட்டி போட்டிருக்காங்க. அப்பா மூணு நாளா எங்கிட்ட பேசலை. பண்டிகைக்குக்கூட வராத பிள்ளை எதுக்குன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்காரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு சார்."

சரி மக்ளே என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஆனால் அவள் அப்பாவுக்குப் போன் போடக் கை வரவில்லை. அவர் சொன்ன அதே வார்த்தையை, அதைவிட மோசமாக, நான் என் மகனிடம் சொன்னவன். நான்கு வருஷம் ஆகிறது. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு, பிறகு அவரிடம் பேசுவதுதான் முறை என்று தோன்றியது. மகனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கப்பா, ஆனா என்னைப் பெரிய ஆளா காட்டிடாதீங்க" என்றான்.

2021 மே மாதம் உங்கள் டீச்சரம்மா போனது உங்களுக்குத் தெரியும். கொரோனா இரண்டாவது அலை. அதனால் பலரால் வர முடியவில்லை, போனில் அழுதீர்கள். அந்த வருஷ டிசம்பர்தான் அவள் இல்லாத முதல் கிறிஸ்துமஸ். எங்கள் வீட்டுக் குடில் எப்போதும் அவளும் மகனும் சேர்ந்து கட்டுவது. வைக்கோலுக்கு ஆள் அனுப்பி, பழைய அட்டைப் பெட்டியில் மலை செய்து, கண்ணாடித் துண்டைக் குளமாக வைத்து ஒரு வாரம் வீடே குப்பையாகக் கிடக்கும். என் வேலை பல்பு மாட்டுவது மட்டும்.

டிசம்பர் 18, சனிக்கிழமை காலை மகன் ரயிலில் வந்து இறங்கினான். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே காதில் போன். பல் தேய்த்துக்கொண்டே போன். தோசையை ஒரு கையால் பிட்டுக்கொண்டே லேப்டாப். ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. "வேலை இருக்குப்பா, ஒரு பெரிய பிரச்சினை" என்றான். கம்பெனி வேலைதானே, இரண்டு நாளில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை. 24-ஆம் தேதி இரவும் அவன் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முன்னறையில் வைக்கோல் கட்டு பிரிக்காமல் கிடந்தது. கீத பவனி எங்கள் தெருவுக்கு வந்தபோது வாசலில் நான் ஒருத்தன்தான் நின்றேன்.

அவர்கள் போனதும் உள்ளே போய்க் கத்தினேன். "அம்மா இருந்திருந்தா இப்படி உக்காந்திருப்பியால? அவ போனதும் இந்த வீடு உனக்கு லாட்ஜ் ஆயிப்போச்சா? அந்தப் பெட்டியைக் கட்டிக்கிட்டே அழு. நாளைக்கே கிளம்பிப் போ" என்றேன். அவன் ஹெட்போனைக் கழற்றி என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. மறுமுனையில் யாரோ கூப்பிட்டார்கள், மறுபடி மாட்டிக்கொண்டான்.

ராத்திரி ஒரு மணி இருக்கும். தூக்கம் வராமல் முன்னறையில் நாற்காலியில் இருந்தேன். வந்து தரையில், வைக்கோல் கட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். "என்ன வேலைன்னு ஒரு தடவை கேட்டிருக்கலாமேப்பா" என்றான். "சொல்லு" என்றேன்.

அவன் சொன்னதையும் அதற்குப் பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஐ.டி.யில் இருக்கிற மாணவர்கள் சிரிக்காதீர்கள், மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

எந்தக் கம்ப்யூட்டர் நிரலும் ஓடும்போது தன் வேலையை ஒரு நாட்குறிப்பில் எழுதிக்கொண்டே போகும். யார் வந்தார், என்ன கேட்டார், எங்கே பிழை வந்தது என்று. ஜாவா மொழியில் எழுதுகிறவர்களுக்கு அந்தக் குறிப்பை எழுதிக்கொடுக்க 'லாக்4ஜே' என்று ஒரு மென்பொருள் துணுக்கு இருக்கிறது. அப்பாச்சி என்ற அறக்கட்டளையின் பெயரில் வெளியாவது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம், திருத்தலாம். இதைத்தான் திறந்த மூல மென்பொருள் என்கிறார்கள். உலகத்தில் பெரிய பெரிய கம்பெனிகள், வங்கிகள், அரசாங்கங்கள் எல்லாம் இதைத் தங்கள் மென்பொருளுக்குள் வைத்திருந்தன.

இப்போது நம் பள்ளிக்கூட வாட்ச்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர் பெயரையும் வந்த காரணத்தையும் கேட்டு நோட்டில் எழுத வேண்டும், அவ்வளவுதான் அவர் வேலை. ஒருவன் வந்து, "என் பெயர்: ஆபீஸ் பீரோவைத் திறந்து சாவியை இவனிடம் கொடு" என்று சொல்கிறான். நல்ல வாட்ச்மேன் அதை அப்படியே எழுதிக்கொண்டு சிரிப்பார். லாக்4ஜே எழுதவில்லை, போய்ப் பீரோவைத் திறந்துவிட்டது. குறிப்பிட்ட ஒரு வடிவத்தில் ஒரு முகவரியை எழுதி அனுப்பினால், அந்த முகவரிக்குப் போய், அங்கே இருக்கிற நிரலைக் கொண்டுவந்து, தன் கம்ப்யூட்டரிலேயே ஓட்டும். 'மைன்கிராஃப்ட்' என்று பிள்ளைகள் விளையாடுகிற விளையாட்டில், அரட்டைப் பெட்டியில் ஒரு வரி தட்டினாலே போதும், சர்வர் கைக்கு வந்துவிடும் என்ற நிலைமை.

2021 நவம்பர் 24 அன்று அலிபாபா கம்பெனியின் பாதுகாப்புக் குழுவில் ஒருவர் இதைக் கண்டுபிடித்து, அப்பாச்சிக்குத் தனியாக எழுதித் தெரிவித்தார். திருத்தம் தயாராகிக்கொண்டிருக்கும்போதே டிசம்பர் 9-ஆம் தேதி விஷயம் வெளியே கசிந்துவிட்டது. மென்பொருள் ஓட்டைகளுக்கு ஆபத்து மதிப்பெண் போடுவார்கள். பத்துக்கு எத்தனை என்று. இதற்குப் பத்துக்குப் பத்து. நான் முப்பத்து மூன்று வருஷம் கணக்குப் பாடத்தில் நூற்றுக்கு நூறு போட்டிருக்கிறேன், சந்தோஷமாக. இப்படியும் ஒரு முழு மதிப்பெண் இருக்கிறது.

டிசம்பர் 10-ஆம் தேதி 2.15 என்ற திருத்தப் பதிப்பு வந்தது. அது போதாது என்று தெரிந்து 13-ஆம் தேதி 2.16. அதிலும் வேறொரு குறை இருந்ததால், என் மகன் ஊருக்கு வந்து இறங்கிய நேரத்தில் 2.17. பண்டிகை முடிந்து மூன்று நாளில் 2.17.1. ஒரே டிசம்பரில் நான்கு தடவை. அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமை டிசம்பர் 17 அன்று அவசர உத்தரவு போட்டு, 23-ஆம் தேதி மாலைக்குள் சரிசெய்யச் சொன்னது. கிறிஸ்துமஸுக்கு முந்தின முந்தின நாள்!

"மாத்திப் போட்டா முடிஞ்சுதே, அதுக்கு ஏன் ராத்திரி பகல்?" என்று கேட்டேன்.

"எங்கே எல்லாம் இருக்குன்னே தெரியாதுப்பா. அதுதான் வேலை" என்றான். நான் புரிந்துகொண்ட விதம் இது. ஒரு ஆலையில் செய்த பெருங்காயத்தில் விஷம் கலந்துவிட்டது என்று வையுங்கள். அந்தப் பெருங்காயத்தை வாங்கி ஒருவன் சாம்பார்ப்பொடி செய்தான். அந்தப் பொடியை வாங்கி ஒரு ஹோட்டல்காரர் சாம்பார் வைத்தார். அந்த சாம்பாரை வாங்கி ஒருவர் கல்யாணப் பந்தியில் பரிமாறினார். பந்தியில் இருக்கிறவருக்குத் தன் இலையில் பெருங்காயம் இருப்பதே தெரியாது. ஒவ்வொரு வீட்டு அடுக்களையாகப் போய், டப்பா டப்பாவாக மோந்து பார்க்க வேண்டும். என் மகனும் அவன் கூட்டாளிகளும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கையில் இருந்தது சில மருத்துவமனைகளின் கணினிகள் என்று அன்றைக்குத்தான் சொன்னான். அமெரிக்காவில் ஒரு அரசுத் துறை மட்டும் இந்தத் தேடலுக்கு 33,000 மணி நேரம் செலவிட்டதாகப் பிறகு வந்த விசாரணை அறிக்கையில் இருக்கிறது. முழுவதும் ஒழிய பத்து வருஷமோ அதற்கு மேலோ ஆகலாம் என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள்.

அப்புறம் அவன் சொன்னதுதான் என்னை நிமிர வைத்தது. "எனக்காவது சம்பளம் வருதுப்பா. லாக்4ஜேயை எழுதினவங்களுக்கு அதுவும் கிடையாது."

நான் நம்பவில்லை. மறுநாள் தேடிப் படித்தேன். உண்மைதான். அதைப் பராமரித்தவர்கள் ஒரு சின்னக் கூட்டம். எல்லோருக்கும் பகலில் வேறு வேலை. ரால்ஃப் கோயர்ஸ் என்பவர் அதில் முக்கியமானவர். வேறொரு இடத்தில் வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் இதைச் செய்து வந்தார். இந்த விஷயம் வெடிக்கும்வரை அவருக்கு நன்கொடை கொடுத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கோடி கோடியாகச் சம்பாதிக்கிற கம்பெனிகள் அந்தத் துணுக்கின்மேல் நின்றன. ஓட்டை என்று தெரிந்ததும் உலகமே அந்தச் சிலரைத்தான் திட்டியது. அவர்கள் தூக்கம் இல்லாமல் திருத்திக்கொண்டே திட்டும் வாங்கினார்கள். அந்தப் பாழாய்ப்போன வசதி அவர்களுக்கே பிடிக்காததாம். ஏற்கெனவே பயன்படுத்துகிறவர்களுக்கு எதுவும் உடைந்துவிடக் கூடாதே என்றுதான் எடுக்காமல் விட்டிருந்தார்கள். இதைப் படித்தபோது, சத்துணவுப் பதிவேட்டிலிருந்து தேர்தல் வேலை வரை எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டு, இன்ஸ்பெக்‌ஷனில் ஒரு கையெழுத்து விட்டுப்போனதற்குத் திட்டு வாங்கிய என் தலைமையாசிரியர்கள் சிலர் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

அன்றிரவுக்கு வருகிறேன். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, மகன் மெதுவாகக் கேட்டான். "அப்பா, சுனாமி வந்துதே, அந்த அரையாண்டு லீவுல நீங்க எத்தனை நாள் வீட்டுல இருந்தீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை.

2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. உங்களில் பலர் அப்போது பிள்ளைகள். சிலர் அந்த முகாமிலேயே இருந்தவர்கள். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி. பெயர்களைச் சொன்னாலே போதும், நம் மாவட்டத்துக்காரர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. மத்தியானத்துக்குள் எங்கள் பள்ளிக்கூடம் முகாமாகிவிட்டது. வகுப்பறை பெஞ்சுகளை வெளியே தூக்கிப் போட்டோம். அன்றைக்குப் போனவன் ஒன்பது நாள் வீட்டில் படுக்கவில்லை.

எனக்குக் கொடுத்த வேலை பட்டியல் எழுதுவது. யார் யார் முகாமில் இருக்கிறார்கள், யார் யாரைத் தேடுகிறார்கள். இரண்டு நீளமான நோட்டு. கேட்பதற்கு எளிதான வேலை. கணக்கு வாத்தியாருக்குப் பட்டியல் எழுதத் தெரியாதா? ஆனால் அந்தக் கடற்கரையில் ஒரே பெயரில் எத்தனை பேர்! ஒரு பக்கத்தில் மட்டும் ஐந்து அந்தோணி, நான்கு மேரி. ஞானஸ்நானப் பெயர் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, வீட்டில் கூப்பிடுவது ஒன்று. மக்கள் ஒரு முகாமில் எழுதிவிட்டு, சொந்தக்காரர் இருக்கிற இன்னொரு முகாமுக்குப் போய்விடுவார்கள். இரண்டிலும் பெயர் இருக்கும். ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும், கல்யாண மண்டபத்திலும், கோயில் ஹாலிலும் ஒரு நோட்டு. எந்த நோட்டும் இன்னொரு நோட்டோடு பேசாது.

ஒரு மனிதர் வந்தார். எட்டு வயது மகனைத் தேடுகிறார். நோட்டில் பெயர் இல்லை. அடுத்த முகாமுக்கு நடந்தார். அங்கேயும் இல்லை. மறுநாள் மறுபடி வந்தார். புதிதாக யாராவது வந்திருப்பார்களோ என்று. மூன்றாம் நாளும் வந்தார். நான் பக்கங்களைப் புரட்டிவிட்டுத் தலையாட்டுவேன். அவர் அழவும் மாட்டார். "செரி சார்" என்று சொல்லிவிட்டு நடப்பார். அந்த "செரி சார்" இப்போதும் காதில் இருக்கிறது.

என் மகன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அவன் அம்மா இரண்டு வேளையும் தூக்குச்சட்டியில் கஞ்சியும் துவையலும் கொடுத்தனுப்புவாள், எனக்கு மட்டுமல்ல, அங்கே இருந்த ஏழெட்டுப் பேருக்கு. கொண்டு வருகிறவன் சும்மா நிற்கிறானே என்று, அவனை உட்கார வைத்து, மற்ற முகாம்களிலிருந்து வந்த பட்டியல்களைக் கார்பன் வைத்து நகல் எடுக்கச் சொன்னேன். நான்காம் நாள் எழுதிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, "அப்பா, இந்தப் பையனோட அப்பா பேரும் ஊரும் வயசும் அந்த மாமா சொன்னது மாதிரியே இருக்கு. பேரு மட்டும் வேற" என்றான். வேறொரு முகாமில் அந்தப் பையன் தன் வீட்டுப் பெயரைச் சொல்லியிருக்கிறான். எழுதியவர் அதை எழுதியிருக்கிறார். ஆறு கிலோமீட்டர் தூரம். ஒரே கடற்கரை. நான்கு நாள்.

அந்த மனிதரை ஒரு பைக்கில் ஏற்றி அனுப்பினோம். அதற்குமேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது. எங்கள் நோட்டில் கோடு போட்டு அடிக்காமலே நின்றுபோன பெயர்களும் உண்டு.

இதெல்லாம் எனக்குத் தெரிந்த கதை. எனக்குத் தெரியாத பாதியை மகன் அன்றிரவு சொன்னான்.

அதே நாட்களில், அதே அலை அடித்த இலங்கையில், முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்த அந்த நாட்டில், கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு கூட்டம் இதே பிரச்சினையோடு உட்கார்ந்திருக்கிறது. லங்கா சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைச் சுற்றி இருந்தவர்களும், பல கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களும், மாணவர்களுமாகத் தன்னார்வலர்கள். ஆண்டு முடிகிற விடுமுறைக் காலம். சில வாரங்களில் ஒரு மென்பொருளை எழுதி ஓட்டிவிட்டார்கள். பெயர் 'சஹானா'. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். காணாமல் போனவர் பதிவேடு ஒன்று, முகாம்களின் பதிவேடு ஒன்று, எந்த அமைப்பு எங்கே வேலை செய்கிறது என்பதற்கு ஒன்று, எந்த முகாமுக்கு என்ன தேவை என்பதற்கு ஒன்று. என் இரண்டு நோட்டும், மாவட்டம் முழுக்க இருந்த மற்ற நோட்டுகளும் செய்ய முயன்றதை ஒரே இடத்தில் செய்கிற ஏற்பாடு. இலங்கை அரசின் மீட்புப் பணி மையமே அதைப் பயன்படுத்தியது.

அதை அவர்கள் பூட்டி வைக்கவில்லை. திறந்த மூலமாக விட்டார்கள். அதனால் 2005-இல் பாகிஸ்தானில் பெரிய நிலநடுக்கம் வந்தபோது அங்கே போனது. 2006-இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும், இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நிலநடுக்கத்துக்கும் போனது. 2010-இல் ஹெய்ட்டி. இடையில் 2006-க்கான சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்குக் கொடுத்தது. நம் கடலுக்கு அந்தப் பக்கம், நம்மைப் போலவே அடிபட்ட ஒரு சின்ன நாடு, தன் துக்கத்துக்கு நடுவில் செய்ததை உலகத்துக்குப் பொதுவாக வைத்துவிட்டது.

"காலேஜ்ல சஹானா பத்திப் படிச்சப்போ நம்ம நோட்டுதான்பா ஞாபகம் வந்துச்சு" என்றான். பிறகு, "அன்னைக்கு அம்மா உங்களை வீட்டுக்கு வரச் சொல்லித் திட்டலையே. கஞ்சிதான் கொடுத்து விட்டாங்க" என்றான்.

குறையாகச் சொல்லவில்லை. சும்மா ஞாபகமாகத்தான் சொன்னான். ஆனால் எனக்கு எங்கேயோ பட்டது. எழுந்து அடுக்களைக்குப் போய் இரண்டு கிளாஸ் கட்டஞ்சாயா போட்டேன். ஏலக்காய் தட்டிப் போட்டேன், அவள் போடுவது மாதிரி. சீனி அதிகமாகிவிட்டது. அவன் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டு மறுபடி உள்ளே போனான். அதிகாலை ஆராதனைக்கு நான் மட்டும்தான் போனேன். அந்த வருஷம் எங்கள் வீட்டில் குடில் கட்டவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் இந்த மாதிரிச் செய்திகளைத் தேடிப் படிக்கிறது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்தில் பைத்தான் படித்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். அது கிறிஸ்துமஸ் விடுமுறையில் பிறந்த பிள்ளை. 1989 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாமில் கைடோ வான் ராசம் என்பவருக்கு ஆபீஸ் லீவு. பொழுது போவதற்கு வீட்டுக் கம்ப்யூட்டரில் எழுத ஆரம்பித்ததுதான் பைத்தான். ஜப்பானில் பிறந்த ரூபி என்ற மொழியின் முதல் முழுப் பதிப்பு 1996 டிசம்பர் 25-இல் வந்தது. 2013-இலிருந்து வருஷா வருஷம் புதுப் பதிப்பை டிசம்பர் 25 அன்றுதான் வெளியிடுகிறார்கள், கிறிஸ்துமஸ் பரிசாக.

எல்லாமே நல்ல செய்தியும் இல்லை. வங்கியிலும் மின்னஞ்சலிலும் நம் ரகசியங்களைப் பூட்டி வைக்கிற ஓபன் எஸ்.எஸ்.எல். என்ற மென்பொருளில் 2011 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டு பிறக்கிற நேரத்தை ஒட்டி, ஒரு சின்னப் பிழை உள்ளே போய்விட்டது. ஒரு ஆராய்ச்சி மாணவர் எழுதினார், ஒருவர் சரிபார்த்தார், இருவர் கண்ணிலும் படவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. 2014 ஏப்ரலில் தெரிந்தபோது உலகமே கடவுச்சொல்லை மாற்றியது. 'ஹார்ட்பிளீட்' என்று பெயர் வைத்தார்கள். அவ்வளவு பேர் நம்பியிருந்த அந்த மென்பொருளுக்கு வருஷத்துக்குக் கிடைத்த நன்கொடை சுமார் 2,000 டாலர். பேப்பர் திருத்துகிற முகாமிலேயே ஒருவர் திருத்த, இன்னொருவர் கூட்டிப்பார்க்க, மூன்றாமவர் சரிபார்க்கிறோம். அப்படியும் மறுகூட்டலில் மதிப்பெண் மாறுகிறது. உலகத்தின் பூட்டை இரண்டு களைத்த கண்களிடம் விட்டது யார் தவறு என்று நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அந்த மாணவர் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

லாக்4ஜேக்குப் பிறகு, 2022 ஜனவரியில் அமெரிக்க வெள்ளை மாளிகையில் பெரிய கம்பெனிகளையும் அப்பாச்சி போன்ற அமைப்புகளையும் கூப்பிட்டுப் பேசினார்கள். ஓரளவு பணம் வர ஆரம்பித்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் வீடு இடிந்த பிறகு கொத்தனாரைத் தேடுகிற பழக்கம் நமக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் இருக்கிறது.

சரி, வாத்தியார் என்றால் வீட்டுப்பாடம் கொடுக்காமல் விடமாட்டார். மூன்றே மூன்று.

கம்பெனியில் பெரிய பதவிக்கு வந்துவிட்ட மாணவர்களே, உங்கள் கம்பெனி எந்தெந்த இலவச மென்பொருளின்மேல் நிற்கிறது என்று ஒரு பட்டியல் எடுங்கள். அதில் ஒன்றுக்காவது வருஷா வருஷம் பணமோ, ஆளோ கொடுக்க முடியுமா என்று மேலே கேட்டுப் பாருங்கள். பட்டியல் எழுதுவதன் அருமை எனக்குத் தெரியும்.

இலவச மென்பொருளில் பிழை கண்டு அதன் ஆட்களுக்கு எழுதுகிறவர்கள், முதல் வரியில் நன்றி எழுதுங்கள். அந்தப் பக்கம் இருப்பவர் பகல் வேலை முடித்து, பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம்.

மூன்றாவது, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்ட் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது. பழைய லேப்டாப்பில் புது விண்டோஸ் ஏறவில்லை என்று தூக்கிப் போட நினைப்பவர்கள், அதற்குமுன் ஒரு தடவை லினக்ஸ் போட்டுப் பாருங்கள். என்னுடைய பழைய பெட்டியில் மகன் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்திருக்கிறான். இந்தப் பதிவு முழுக்க அதில் தட்டச்சு செய்ததுதான். எழுத்துப்பிழை இருந்தால் அது என் பிழை.

இனி அந்த அப்பாவுக்கு. அண்ணே, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். என் பதிவுக்கெல்லாம் முதல் விருப்பக்குறி உங்களுடையதுதான். உங்கள் மகள் எந்த வேலைக்காகப் பண்டிகையன்று போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் போகிறாள் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை அது அவ்வளவு அவசியம் இல்லாத, யாரோ ஒரு மேலாளர் முன்யோசனை இல்லாமல் போட்ட டூட்டியாகவும் இருக்கலாம். அப்படியானால் அதற்கும் அவள்தான் வருத்தப்படுவாள். எல்லா வேலையும் சுனாமி முகாம் அல்ல, எனக்கும் தெரியும். பிள்ளைகளின் லீவைத் தின்கிற கம்பெனிகளை நான் நியாயப்படுத்தவும் இல்லை. ஆனால் நான் என் மகனிடம் கேட்காமல் விட்ட கேள்வியை நீங்கள் கேளுங்கள். "என்ன வேலை மக்ளே?" என்று கேட்டால் போதும். சொல்லத் துடித்துக்கொண்டிருப்பாள். பாதி புரியாது, எனக்கும் புரியவில்லை. அது பரவாயில்லை.

முடிந்தால் பெங்களூருக்குப் போகிற யாரிடமாவது முந்திரிக்கொத்து கொடுத்தனுப்புங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் என்னிடம் கொடுங்கள். என் மகன் இந்த வருஷம் 27-ஆம் தேதியே பெங்களூருக்குத் திரும்புகிறான், கொண்டுபோய்க் கொடுப்பான். இப்போது அவன் முன்னறையில் பேத்தியை வைத்துக்கொண்டு வைக்கோலைப் பிரித்துக்கொண்டிருக்கிறான். வீடு முழுக்கக் குப்பை. என்னைப் பல்பு மாட்டக் கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

எல்லோருக்கும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்